பெல்ட்டை அழுத்தும் கை

சட்டைக் காலரில் சோப்பைத் தேய்த்து, பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டிக்கொண்டிருந்தாள் அக்கா. மெக்கானிக்கின் வேலைச் சட்டை. வாரத்துக்கு மூன்று சட்டை, மூன்றிலும் அதே இடத்தில் கிரீஸ். கழுத்து அரித்தால் கையைத் துடைக்காமல் சொறிந்துகொள்கிற மனுஷன். "கழுத்துக்கும் கிரீஸ் போட்டாத்தான் திரும்புமா?" என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டிருக்கிறாள். விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாளும் காலரில் கிரீஸ் இருந்தது.

வாசல் பக்கமிருந்து சத்தம் வந்தது. டங், டங்.

ஸ்பேனரால் இரும்பில் இரண்டு தட்டு. வந்து பெல்ட்டை அழுத்து என்று அர்த்தம். வீட்டின் முன்பக்கம் பட்டறை, நடுவில் ஓர் அறை, பின்னால் சமையலறையும் துவைக்கிற இடமும். இருபத்தோரு வருஷமாக அந்த இரண்டு தட்டு நடு அறையைத் தாண்டி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகிறது. அடுப்பைக் குறைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஒருமுறை தலையில் ஷாம்பு நுரையோடு போய் நின்று, நாலு போல்ட்டும் கழன்ற பிறகுதான் திரும்பி வந்து மிச்சக் குளியலைக் குளித்தாள். தெருவில் அவளுக்கு டங் டங் அக்கா என்று பெயர். வைத்தது எதிர்வீட்டுக்காரர். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

இஞ்சினின் முன்பக்கத்தில் ஃபேனும் அதன் பின்னால் புல்லி என்கிற சக்கரமும் ஒரே நாலு போல்ட்டில் நிற்கும். ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினால் போல்ட் கழலாது, மொத்தப் புல்லியும் கூடவே சுற்றும். அதன்மேல் ஓடுகிற பெல்ட்டை ஒருவர் உள்ளங்கையால் உள்ளே தள்ளி அழுத்திப் பிடித்தால் புல்லி அசையாமல் நிற்கும். அப்போது மற்றவர் திருப்ப வேண்டும். அதனால் நாலு போல்ட்டும் இளகும்வரை பெல்ட்டைக் கழற்றக் கூடாது. வேலைக்கு வந்த இரண்டாம் நாளே எவனுக்கும் தெரிந்துவிடுகிற விஷயம் இது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு பஸ் கம்பெனி வண்டி தெருமுனையில் நின்றுவிட்டது. ஃபேன் வளைந்து எதிலோ உரசிக்கொண்டிருந்தது. மெக்கானிக் ஸ்பேர் வாங்கப் போயிருந்தார். அக்கா ஒரு பழைய பெல்ட்டைப் புல்லியில் சுற்றி, அதன் முனையை ஒரு பைப்பில் முறுக்கி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் நாலு போல்ட்டையும் தானே கழற்றி, ஃபேனை நிமிர்த்தி மாட்டி வண்டியை அனுப்பிவைத்தாள். கூட வந்திருந்த கம்பெனி ஃபோர்மேன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். போன மாதம் அவரே போன் செய்தார். "எங்க ஷெட்ல ஆள் வேணும்மா. காலைல எட்டு மணி, சாயங்காலம் அஞ்சு மணி. வரீங்களா?"

அன்று சாப்பிடும்போது மெக்கானிக்கிடம் சொன்னாள்.

"பாக்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வெள்ளையடிக்க, ஒழுகுகிற குழாயை மாற்ற, மகளைப் போய்ப் பார்த்துவிட்டு வர, எல்லாவற்றுக்கும் அவரிடம் இருந்த பதில் அதுதான். குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. இந்த விஷயத்தில் மட்டும் மூன்று வாரத்தில் நாலு பாக்கலாம் ஆகிவிட்டது. ஃபோர்மேனுக்கும் பொறுமை போய்விட்டது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் சொன்னால் திங்கட்கிழமை வேலையில் சேரலாம், இல்லையென்றால் வேறு ஆள் தயாராக இருக்கிறான் என்று சொல்லிவிட்டார்.

இன்றைக்குத்தான் அந்தச் சனிக்கிழமை.

கேட்காமலே கிளம்பிவிடலாம். கதவை மறித்துக்கொண்டு நிற்கிற ஆளில்லை அவர். ஆனால் ஒருவர் உம்மென்று உட்கார்ந்திருக்கிற வீட்டிலிருந்து சாப்பாட்டு டப்பாவோடு தினமும் இறங்கிப் போக அவளுக்கு மனம் வரவில்லை. அவர் ஏன் இழுக்கிறார் என்பதும் தெரியும். கௌரவமெல்லாம் கிடையாது. பெல்ட்டை அழுத்த ஆள் வேண்டும், அவ்வளவுதான். பட்டறையில் வைத்த ஆள் எவனும் இரண்டு மாதம் நின்றதில்லை. வாயைத் திறக்காமல் வேலை வாங்குகிறவர். டங் டங் என்று தட்டுவதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அவர் கொடுக்கிற சம்பளம் யாருக்கும் போதவில்லை.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அக்கா முன்னால் போனாள்.

பள்ளிக்கூட வேன் ஒன்று மூக்கைத் திறந்துகொண்டு நின்றது. வாட்டர் பம்ப் போய்விட்டது. ரேடியேட்டரை நேற்றே இறக்கியாகிவிட்டது. இனி ஃபேனும் புல்லியும் வர வேண்டும். வேன் டிரைவர் கவிழ்த்துப் போட்ட ஆயில் டின்மேல் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் ரிங் ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டிவிட்டு, அக்கா வழக்கமாக நிற்கிற இடத்தைக் காலியாக விட்டு ஒதுங்கி நின்றார். அதற்குப் பிறகுதான் குனிந்து பார்த்தார்.

"பெல்ட் எங்க?"

"கழட்டியாச்சு."

"யாரு?"

"நான்தான். காலைல நீங்க ரெண்டு பேரும் டீ குடிக்கப் போனீங்கல்ல, அப்ப."

ஸ்பேனரை ஒரு திருப்புத் திருப்பினார். ஃபேன், புல்லி, ஸ்பேனர் எல்லாம் சேர்ந்து வழுக்கிக்கொண்டு ஒரு சுற்றுப் போயின.

"போல்ட் நாலும் துரு பிடிச்சுக் கெடக்கு, ஒண்ணுகூட அசையல. அதுக்குள்ள பெல்ட்டைக் கழட்டிட்டியா? இத்தனை வருஷம் கூட நின்னவ பண்ற வேலையா இது? இப்ப இருட்டற வரைக்கும் இதைச் சுத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

"விடுங்கண்ணே" என்றார் டிரைவர். "சுத்தினா காத்தாவது வரும்."

"நீ சும்மா இருய்யா."

அக்கா சுவரோரம் போனாள். மர அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு, துணியில் சுற்றிவைத்திருந்த ஒன்றை எடுத்துவந்து அவரிடம் நீட்டினாள். முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புப் பட்டை. ஒரு முனைப் பக்கம் போல்ட் தலை நுழைகிற அளவில் ஒரு துளை, அதையடுத்து நீளவாக்கில் ஒரு துவாரம்.

போன வாரம் இந்த வேன் வந்து நின்ற அன்றே பிஸ்கட் டப்பா அட்டையைப் போல்ட் தலைகளில் வைத்து அழுத்தி, கிரீஸில் பதிந்த நாலு வட்டத்தையும் லேத்துக்காரரிடம் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். ஒவ்வொரு வண்டிக்கும் போல்ட் இடைவெளி மாறும். அதனால் ஒன்று வட்டத் துளை, மற்றது நீளத் துவாரமாகவே இருக்கட்டும் என்று அவள்தான் சொன்னாள். எந்த வண்டிக்கும் தள்ளிப் பொருத்திக்கொள்ளலாம்.

மெக்கானிக் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலைத் துவாரத்தில் ஓட்டினார்.

"இது எதுக்குக்கா?" என்று டிரைவர் கேட்டார்.

"இதை மாட்டினா புல்லி சுத்தாது. பெல்ட்டும் வேணாம், ஆளும் வேணாம். ஒருத்தரே கழட்டிக்கலாம்."

மெக்கானிக் தலையை நிமிர்த்தவில்லை. பட்டையை இரண்டு போல்ட் தலைகளில் மாட்டினார். மறுமுனை வண்டியின் சட்டத்தில் போய் முட்டிக்கொண்டது. மிச்சமிருந்த இரண்டில் ஒன்றில் ஸ்பேனரைப் போட்டு இழுத்தார். புல்லி நின்றது. போல்ட்டும் நின்றது.

"முதல்ல கொஞ்சம் இறுக்குங்க. துரு விடும்" என்றாள் அக்கா.

"எனக்குத் தெரியும்."

தெரியும் என்று சொல்லிவிட்டு, இறுக்கினார். பிறகு எண்ணெய் விட்டார், போல்ட் தலையில் சுத்தியலால் நாலு அடி போட்டார், மறுபடி இழுத்தார். டக்கென்று ஒரு சத்தம். டிரைவர் டின்னிலிருந்து எழுந்தேவிட்டார். அடுத்தது கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு வந்தது. இளகிய இரண்டையும் கழற்றாமல் பட்டையை அவற்றின்மேல் மாற்றி மாட்டிக்கொண்டு மூன்றாவதையும் இளக்கினார்.

அக்கா பக்கத்திலேயே நின்றாள். அவர் மூச்சைப் பிடித்து இழுக்கும்போதெல்லாம் அவள் கை தானாக முன்னால் போனது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள்.

"அக்காவுக்குக் கை சும்மா நிக்க மாட்டேங்குது பாருங்கண்ணே" என்றார் டிரைவர்.

நாலாவதுதான் சண்டைக்காரன். முன்பு யாரோ பொருந்தாத ஸ்பேனரைப் போட்டு மூலையெல்லாம் மழுங்கியிருந்தது. ரிங் இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாம் தரம் வழுக்கியதும் மெக்கானிக் நிமிர்ந்து, ஸ்பேனரை ஓங்கி, வண்டியின் மட்கார்டில் தட்டப் போனார். அவர் கூப்பிட இருந்த ஆள் ஒரு முழம் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. டிரைவர் இருவரையும் பார்த்துவிட்டு ஆயில் டின்மேல் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, அளவில் கொஞ்சம் சின்னதான ரிங்கை எடுத்தார். சுத்தியலால் அடித்து அடித்து அதைப் போல்ட் தலையில் ஏற்றினார். காலை ஊன்றிக்கொண்டு, உடம்பை மெதுவாகப் பின்னால் சாய்த்தார். போல்ட் ஒரு கிறீச்சோடு திரும்பியது. நாலையும் கழற்றியதும் ஃபேனும் புல்லியும் கையோடு வந்தன.

"வேலை முடிஞ்சுதா? நான் பம்ப் வாங்கிட்டு வந்துடறேன்" என்று டிரைவர் கிளம்பினார்.

அவர் வருவதற்கு மதியமாகிவிட்டது. புதுப் பம்பைப் பொருத்தி, போல்ட்டுகளை மாற்றி, பெல்ட்டைப் போட்டு, ரேடியேட்டரை ஏற்றி முடிக்க ஐந்தரை ஆனது. அதுவரை ஒரு டங் கூடக் கேட்கவில்லை. அக்கா மூன்று சட்டையையும் துவைத்துக் காயப்போட்டு, காய்ந்ததை எடுத்து மடித்தும் வைத்தாள். இடையில் இரண்டு தடவை வாசலை எட்டிப் பார்த்தாள்.

மெக்கானிக் சமையலறைக்குள் வந்தார். சோப்புத் தூளைப் போட்டு முழங்கை வரை கழுவினார். பட்டையையும் உள்ளே எடுத்து வந்திருந்தார். அதைத் துடைத்து மேசைமேல், டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"லேசா வளையுது" என்றார். "இன்னும் கொஞ்சம் தடிமனா போட்டிருக்கலாம்."

"சொல்லி மாத்திக்கலாம்."

"துவாரம் நல்ல யோசனைதான்."

இது அவர் வாயிலிருந்து வந்தால் பெரிய விஷயம். அக்கா அவர் எதிரில் உட்கார்ந்தாள். "ஆறு மணிக்குள்ள போன் பண்ணணும். என்னங்க, என்ன சொல்லட்டும்?"

"பாக்க..." என்று ஆரம்பித்து, டீயைக் குடித்து மிச்சத்தை விழுங்கிக்கொண்டார். ஒழுகுகிற குழாயைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்க உனக்கு யாரு அழுத்துவா?" என்று கேட்டார்.

அவள் இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருக்கவில்லை. "ஆள் இருக்காங்களாம். அழுத்தறது அவங்க. ஸ்பேனர் எங்கிட்ட."

"ம்." பட்டையை மேசைமேல் இப்படியும் அப்படியும் நகர்த்தினார். "முன்கோபத்துல வாய் திறந்த ஓப்பன் ஸ்பேனரைப் போட்டு இழுத்துடாத. மூலை மழுங்கிடும். ரிங்தான் போடணும்."

"எனக்குத் தெரியும்."

அவர் சிரித்துவிட்டார். அவளுக்கும் உதட்டோரம் கொஞ்சம் வந்தது. சுவரில் கடிகாரம் ஆறுக்கு எட்டு நிமிஷம் காட்டியது. அக்கா எழுந்து, சார்ஜரிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"ஏம்மா" என்றார் மெக்கானிக், கிளாஸைப் பார்த்தபடி. "அஞ்சு மணிக்கு மேல தட்டினா வருவியா?"

"தட்டுங்க, வரேன்" என்று அக்கா அடுப்பைக் குறைத்தாள். போனில் ஃபோர்மேனின் எண்ணைத் தேடிக்கொண்டே நடு அறைக்குள் போனாள்.