மாமாவின் நீலப் போத்தல்

மாமாவை நான் சந்தேகிக்கத் தொடங்கியது நான்காம் ஆண்டு படிக்கும்போது. பள்ளிக்கூடத்துக்குப் பல் பார்க்க வந்த மிஸ், காலையும் இரவும் பல் தீட்டவேண்டும் என்றதோடு நிற்கவில்லை. வாய்க்குள் நல்ல கிருமிகளும் குடியிருக்கின்றன, கடும் மருந்தால் ஓயாமல் கொப்பளித்தால் அவையும் செத்துப்போகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவின் தம்பியான மாமா எங்களோடுதான் இருந்தார். நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை. விருந்தாளிகள் விட்டுப்போகும் வாய் கொப்பளிக்கும் நீல மருந்தைப் போத்தல் போத்தலாகக் கொண்டுவருவார். காலையில் அவர் பிரஷைத் தொட அம்மா மூன்று தரம் கத்தவேண்டும். பின்னேரம் வந்ததும் மட்டும், ஒருவருக்கும் முகம் கொடுக்காமல் நேரே கிணற்றடிக்குப் போய்க் கொப்பளிப்பார்.

"மாமாவைப் பார், எவ்வளவு துப்புரவு" என்பார் அம்மா. நான் நம்பவில்லை. இது துப்புரவல்ல, கிருமிக் கொலை.

அந்த நாட்களில் மாமி கோபித்துக்கொண்டு வெருகலில் தாய்வீட்டில் இருந்தார். மாமா ஒரு பழக்கத்தை விட்டால்தான் திரும்பி வருவாராம். அது நகம் கடிக்கிற பழக்கம் என்றே நான் நினைத்திருந்தேன். எனக்கும் அது இருந்தது.

"அவன் விட்டிட்டான். நான் பொறுப்பு, வாங்கோ" என்று அம்மா போனில் கெஞ்சியதில், ஒரு வெள்ளிக்கிழமை மாமி பையுடன் வந்து இறங்கினார்.

அன்றுதான் நானும் துணிந்தேன். மிச்சமிருந்த ஒரே போத்தல் மருந்தை வாழையடியில் ஊற்றிவிட்டு அதில் தண்ணீர் நிரப்பி, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்குப் போடும் நீலத்தில் ஒரு துளி விட்டுவைத்தேன்.

மாமா வந்தார். கொப்பளித்தார். முகம் சுளித்துப் போத்தலை மணந்து பார்த்தார். உள்ளே மாமியின் குரல் கேட்டதும், போத்தல் முடியுமட்டும் கொப்பளித்துவிட்டு வாயைத் துடைத்தபடி போனார்.

"எப்ப வந்தனீர்?"

அவ்வளவுதான் கேட்டார். மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு கதிரையை விட்டு எழும்பி விலகி நின்றார்.

"மச்சாள், உங்கட பொறுப்பு இதுதானோ?"

மறுநாள் முதல் பஸ்ஸில் மாமி போய்விட்டார்.

மாமா வெறும் போத்தலோடு கிணற்றுக்கட்டில் இருந்தார்.

"பிள்ளை, நீயோ மாத்தினது?"

"ஓம். உங்கட நல்ல கிருமியள் சாகக்கூடாதெண்டு."

அடிக்கப்போகிறார் என்று பயந்தேன். அவர் குனிந்து அழுதார். எனக்கு அந்தரமாய்ப் போய்விட்டது. பக்கத்தில் இருந்து அவர் கையைப் பிடித்தேன்.

"அழாதேங்கோ மாமா. ரெண்டு பேரும் சேந்து நகம் கடிக்கிறதை விடுவம். மாமி வருவா."