முப்பத்தொரு மணி நேரம்

கயிறு எவ்வளவு நீளமாக இருந்தால் கட்டுண்டவருக்குக் கட்டு தெரியாமல் போகும்? அவள் இதை யாரிடமும் கேட்டதில்லை. அவள் வாழ்ந்த விதம்தான் கேட்டது. அவளுடைய கயிற்றின் நீளம் இரண்டு மணி நேரம்.

பக்கவாதத்தில் விழுந்த கணவனை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் முதுகு புண்ணாகிவிடும். விமான டிக்கெட் போட்டுக்கொடுக்கும் அலுவலகம் கீழ்த்தளத்தில். வீடு அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில். பதினான்கு வருடம் ஏறி இறங்கினாள். பொறுமைசாலி என்று ஊர் சொன்னது. வேறு வழி இருப்பவர்தான் பொறுமை காட்ட முடியும். அவளுக்கு இருந்தது படிக்கட்டு.

ஆனால் எந்த ஊர் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று கணினியைப் பார்க்காமலே சொல்வாள்.

"காலையில பத்துக்கு ஏறி சாயங்காலம் நாலேகாலுக்கு எறங்குறேன். ஆறேகால் மணி நேரம்தானேம்மா?" என்பார் வந்தவர்.

"அந்த ஊர்க் கடிகாரம் நாலரை மணி நேரம் பின்னாடி ஐயா. உங்க முதுகுக்குப் பத்தேமுக்கால்."

அவளுக்குள் வேறு கணக்கு ஓடும்: ஐந்து புரட்டல், ஆறாவதற்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம். எண்ணாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த அந்த ஊரில்தான் அவள் மகன் இருந்தான்.

"ஆகாயத்துல இருக்கற வழியெல்லாம் தெரியுது, தெருமுனைதான் தெரியல உங்களுக்கு," என்பார் முதலாளி.

"தெருமுனைக்கு டிக்கெட் போட்டா உங்களுக்கு என்ன சார் கிடைக்கும்?"

கணவன் இறந்து ஆறு வாரம் கழித்து மகன் பேசினான்.

"தனியா என்னம்மா பண்ணப்போற? இங்க வந்துடு. திங்கக்கிழமை இவ வேலைக்குத் திரும்பணும். குழந்தையப் பாத்துக்க ஆளில்ல."

"பால் எப்பக் குடுக்கணும்?"

"மூணு மணிக்கொரு தரம். ஏம்மா?"

"ஒண்ணுமில்லப்பா. முன்னைக்கு இப்ப ஒரு மணி நேரம் கூட."

அவனுக்குப் புரியவில்லை. "வெள்ளிக்கிழமை நேர் விமானத்துலயே போட்டுடு," என்றான்.

மறுநாள் அச்சு இயந்திரத்திலிருந்து வந்த தாளை முதலாளி எடுத்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமை காலையில் புறப்பாடு. வழியில் இரண்டு விமான நிலையங்கள். ஒன்றில் ஒன்பது மணி நேரம் காத்திருப்பு, மற்றதில் ஏழு. மொத்தம் முப்பத்தொரு மணி நேரம்.

"யாரும்மா இந்தப் பாவி? தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறாரு."

"நான்தான் சார்."

"நேர் விமானத்துல எடம் இல்லையா?"

"நாப்பது எடம் இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "அப்புறம் ஏம்மா?"

தாளை வாங்கி நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை போய்ச் சேர்ந்தபோது மகனும் அதையேதான் கேட்டான். குழந்தையை வாங்கிக்கொண்டு, "கடைசியா எப்பப் பால் குடுத்தீங்க?" என்றாள்.