மணி உட்காரும் இடம்

சர்க்கரை கூடிவிட்டதால் சாயங்காலம் கட்டாயம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். தனியாக நடக்க அலுப்பாக இருந்ததால் எங்கள் வீட்டு நாய் மணியைக் கூட்டிக்கொண்டேன். கயிற்றைப் பிடித்தால் போதும், டவுண் ரதவீதியில் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே என்னை இழுத்துக்கொண்டு ஓடுவான். பொறுமையாகப் பழக்கினேன். மெல்ல மெல்ல, கயிறு தொய்ந்து தொங்க, என் காலை ஒட்டியே நடக்க ஆரம்பித்தான். பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள்.

பெருமை தாங்காமல் ஒருநாள் மனைவியையும் அழைத்துப் போய், கயிற்றை அவள் கையில் கொடுத்தேன். அழகாக நடந்துவந்த மணி, அல்வாக் கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"ஏங்க, என்ன இவன் எந்திரிக்கவே மாட்டுக்கான்?"

நான் கயிற்றை வாங்கி இழுப்பதற்குள் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி தின்னு முடிக்கிற மட்டும் அவன் அசையமாட்டாம்லா மதினி! தெனமும் இப்படித்தான்" என்றபடியே, சுடச்சுட அல்வாவை வாழையிலையில் வைத்து என்னிடம் நீட்டினார்.

உட்கார, நிற்க, நடக்க எல்லாம் மணிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். பொய் சொல்ல மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மனைவி மணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், சிரித்துவிட்டாள். அந்த இலையை வாங்கி, தெருவில் நின்றபடியே, விரலில் ஒட்டிய நெய்யைக்கூட விடாமல் அவளே தின்று தீர்த்தாள்.

அன்றிலிருந்து கயிறு அவள் கையில்தான். மணி இப்போதெல்லாம் அந்தக் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிவிடுகிறான்.

நான்தான் இன்னும் பழகவில்லை.