கூட்டம் பற்றிய ஒரு வாக்குவாதம்

மாடியில் புதிதாகக் குடிவந்தவர்கள் முதலில் கீழ்வீட்டுச் சத்தத்தைப் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றுதான் நினைத்தார்கள். ஒருநாள் மனசு கேட்காமல் சமாதானம் செய்துவைக்க இறங்கியும் வந்துவிட்டார்கள். வந்து பார்த்தால், சாப்பாட்டு மேசையில் தட்டு காய்ந்துகொண்டிருக்க, கணக்கை மனுஷன் கண்டுபிடித்தானா, இல்லை அது முன்னாலேயே இருந்ததா என்று இரண்டு பேரும் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். மகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, உலகமே எனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க," என்றார் வீட்டுக்காரர் வந்தவர்களிடம். "நீங்களே சொல்லுங்க. மனுஷனே இல்லாத காலத்துல ரெண்டும் ரெண்டும் நாலா, இல்லையா?"

அதற்குப் பிறகு அவர்கள் இறங்கி வரவில்லை.

அவள் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். அவர் செல்போன் கோபுரங்களில் ஏறிப் பழுது பார்ப்பவர்; டவர்காரர் என்றால்தான் பலருக்கும் தெரியும். கல்யாணமான புதிதில் என்ன பேசுவதென்று தெரியாமல் இருவரும் திருதிருவென்று விழித்திருக்கிறார்கள். பிறகு ஒருநாள், கோபுரத்தின் உயரத்தை ஏறாமலே நிழலை வைத்துச் சொல்லிவிடலாம் என்று அவள் சொல்ல, "சொல்லலாம், ஆனா ஏறினாத்தான் சிக்னல் வரும்" என்று அவர் சொல்ல, ஆரம்பித்தது. அன்றிலிருந்து ஓயவில்லை. அவருக்குத் தொழில்நுட்பம் என்றால் உயிர். கோபுரத்தின் மேலிருந்து பார்த்தால் ஊர் முழுக்க ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொண்டிருப்பது தெரிகிற மாதிரி இருக்கும் என்பார். அவளுக்கோ அதுதான் எரிச்சல்.

"நீங்க மேல ஏறி மாட்டிவிட்டுட்டு வர்றீங்க. இங்க பஸ்ஸுல என் பக்கத்துல உக்காந்து ஒருத்தன் ஊருக்கே கேக்கற மாதிரி வீடியோ பாக்கறான்."

பஸ்ஸில் அவள் சும்மாவும் இருக்கமாட்டாள். "கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுக்கறீங்களா?" என்று கேட்டுவிடுவாள். கேட்டவளைத்தான் எல்லாரும் ஒருமாதிரி பார்ப்பார்கள். கூட இருந்தால் அவர் அவள் கையை மெல்ல அழுத்துவார். வீட்டுக்கு வந்து அந்த ஆளுக்காக வாதாடுவார்: "தனியா இருக்கறவனுக்கு ஏதாவது சத்தம் வேணும், டீச்சரம்மா. நமக்கு அந்தக் குறை இல்ல."

கூட்டத்தைப் பற்றிய வாக்குவாதம் ஒரு மழைநாளில் ஆரம்பித்தது. பஸ் நிறுத்தத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் வழுக்கி விழுந்ததையும், சுற்றி நின்ற ஒருத்தரும் குனியாததையும், இரண்டு பேர் போனை நீட்டிப் படம் எடுத்ததையும் அவள் கொதித்துப்போய் வந்து சொன்னாள். கடைசியில் அவள்தான் தூக்கிவிட்டிருக்கிறாள்.

"பாத்தியா, நீ இருந்தேல்ல," என்றார் அவர். "அதைத்தான் சொல்றேன். ஒரு ஆளு உதவிக்கு வர்றதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மின்னே வச்சுக்க. கூட்டம் பெருசாக பெருசாக, அதுல ஒருத்தராவது வருவாங்கங்கறது கிட்டத்தட்ட நிச்சயம் ஆயிடும். உன் புத்தகத்துலயே இருக்கு."

"என் புத்தகத்துல இருக்கறது, ஒண்ணை ஒண்ணு சாராம நடக்கற விஷயத்துக்கு. ஒவ்வொருத்தரும் தனித்தனியா முடிவு எடுத்தா நீங்க சொல்றது சரி. இவங்க அடுத்தவன் முகத்தைப் பாத்துல்ல முடிவு எடுக்கறாங்க? அவன் சும்மா நிக்கறான், நானும் நிக்கறேன். கூட்டம் கூடக்கூட வாய்ப்பு குறையும்."

"அப்போ காட்டுல விழறது மேலுங்கற?"

"ஒரே ஒரு ஆள் இருக்கற காட்டுல விழறது மேல்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. அவளும் விடவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க அது ஓடியது. யாரோ யாருக்கோ ரத்தம் கொடுத்த செய்தியைப் பார்த்தால் அவர் அவளுக்கு அனுப்புவார். யாரோ எங்கோ கைவிடப்பட்ட செய்தியைப் பார்த்தால் அவள் அவருக்கு அனுப்புவாள். இரண்டு கட்சியிலும் சாட்சி சேர்ந்துகொண்டே போனது.

அன்றைக்குக் காலையில் அவர் ஊருக்கு மறுகோடியில் இருக்கிற கோபுரத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். போகும்போது நன்றாகத்தான் இருந்தார். அங்கே போனபின் நெஞ்சு கனமாக இருக்கிறது என்று கூட வேலை செய்தவரிடம் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் சரியாகிவிடும் என்று ரயிலேறியிருக்கிறார். இதெல்லாம் பிறகுதான் தெரியவந்தது.

பள்ளியில் ஆசிரியர்கள் அறையில் அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஆசிரியர்கள் குழுவில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. ரயில் நிலையத்தின் படிக்கட்டு. மேலிருந்து எடுத்திருந்தார்கள். நடுப்படியில் ஒரு ஆள் சரிந்து கிடந்தான். கைப்பிடிக் கம்பி முகத்தை மறைத்தது. ஊரில் பாதி ஆண்கள் போடுகிற கட்டம் போட்ட சட்டை. ஜனங்கள் தண்ணீர் கல்லைச் சுற்றிப் போவதுபோல் அவனைச் சுற்றி இறங்கிப் போனார்கள். சிலர் நின்று போனைத் தூக்கிப் பிடித்தார்கள். யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டது.

"அநியாயம்," என்றாள் அவள் பக்கத்தில் இருந்த டீச்சரிடம். "பாருங்க இந்தக் கூத்தை."

அந்த ஆளை நினைத்து அவளுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிட முந்திக்கொண்டு வந்தது இன்னொன்று. வீடியோவை அப்படியே கணவருக்கு அனுப்பினாள். கீழே எழுதினாள்: "எத்தனை பேர் நிக்கறாங்க பாருங்க. இப்ப சொல்லுங்க உங்க கணக்கை."

அனுப்பிவிட்டு விடைத்தாளுக்குத் திரும்பினாள். உடனே வாய்க்கு வாய் பதில் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கோபுரத்தின் மேல் இருப்பார், இறங்கியதும் பிடித்துக்கொள்வார் என்று வகுப்புக்குப் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தபோது கரும்பலகையில் பாதிக் கணக்கு போட்டிருந்தாள். சாக்பீஸோடு ஓடினாள்.

அவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "ஸ்டேஷன் படிக்கட்டுல விழுந்துட்டாராம்," என்று நர்ஸ் சொன்னபோதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். கைக்கடிகாரம், பர்ஸ், கத்தரித்து எடுத்த சட்டை, போன். சட்டையைப் பார்த்தாள். போனைத் தொட்டாள், திரை எரிந்தது. அதில் அவள் அனுப்பியது திறக்கப்படாமல் இருந்தது. அவள் பெயருக்குக் கீழே சின்னதாக அந்தப் படிக்கட்டு.

அவள் போனைப் பைக்குள் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். மகள் வந்து கட்டிப்பிடித்து அழுதபோதுகூட அவள் உடம்பு அசையவில்லை.

மகள்தான் டாக்டரிடம் கேட்டாள். "உடனே கொண்டுவந்திருந்தா?"

"சொல்ல முடியாதும்மா," என்றார் அவர்.

"எத்தனை சதவீதம்?" என்றாள் டீச்சர்.

டாக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "அப்படியெல்லாம் கணக்கு போட முடியாதும்மா. நேரத்துக்கு யாராவது நெஞ்சை அழுத்தி விட்டிருந்தா ஒருவேளை. நிச்சயமா ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

அடக்கம் முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். மகள் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலையில் இருந்தாள். விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள். அந்த வீடியோ எங்கெங்கே ஓடுகிறதென்று தேடித்தேடிப் பார்ப்பதே அவளுக்கு வேலையாகப் போயிற்று. காலங்காத்தால குடிச்சிட்டுக் கிடக்கான் பாரு என்று ஒருவன் எழுதியிருந்தான். அதற்கு எத்தனையோ பேர் சிரித்திருந்தார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனுஷர். மகள் ஒவ்வொருத்தருக்கும் எழுதினாள்: இது என் அப்பா, இறந்துவிட்டார், தயவுசெய்து எடுத்துவிடுங்கள். சிலர் எடுத்தார்கள். சிலர் ஸாரி என்று ஒரு வார்த்தை போட்டார்கள். ஒருவன், உங்க அப்பாதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டான். அதைப் படித்துவிட்டு மகள் போனைத் தூக்கிச் சோபாவில் எறிந்தாள்.

"இவங்கள்லாம் மனுஷங்களா, அம்மா?"

அம்மா சோபாவில் கிடந்த போனை எடுத்து மேசையில் வைத்தாள். துக்கத்தில் இருக்கிறாள் என்று மகள் விட்டுவிட்டாள். சொல்ல வேண்டியது ஒன்று இருப்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருநாள், மகள் குளிக்கப் போயிருந்த சமயம், அவள் கிளம்பி ரயில் நிலையத்துக்குப் போனாள். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. படிக்கட்டின் கீழே ஒரு அம்மாள் நீளத் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும், அந்த அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு வீட்டம்மாவா நீங்க? நான்தாம்மா ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டேன். இந்தச் சின்ன போனுதான். ஒரு தடவையில கிடைச்சிடுச்சு."

டீச்சர் படிக்கட்டை நிமிர்ந்து பார்த்தாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"வேற யாரும் வரலியா?"

"எல்லாரும் நின்னாங்க. யாராவது கூப்பிட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்னு ஒருத்தர் பின்னாடி சொன்னாரு. அவரை என்னன்னு சொல்றது? நானும் தள்ளி இருந்திருந்தா அப்படித்தான் நெனச்சிருப்பேன். ஆனா ஸ்ட்ரெச்சர் வந்தப்பகூட வழி விடலம்மா. இந்தத் துடைப்பத்தை வீசி வீசித்தான் விலக்கினேன். ரெண்டு பேரு என்னையே திட்டினாங்க, தூசி படுதுன்னு."

"அவரு... பேசினாரா?"

"முதல்ல பேசினாரு." அந்த அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நான் தலையை மடியில வச்சுக்கிட்டேன். 'குறுக்கால கிடக்கறேன், எல்லாருக்கும் இடைஞ்சல், கொஞ்சம் செவுத்தோரமா நகத்தி விடறீங்களா'ன்னு கேட்டாரு. நீங்க சும்மா இருங்க, அவங்க சுத்திப் போகட்டும்னு சொன்னேன். கேக்கல. காலை அவரே மடக்கிக்கப் பாத்தாரு, வழி விடறதுக்கு."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அடுத்ததைக் கேட்டாள். அதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்தோம் என்பது கேட்கும்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"அவரு போன் ஏதாவது சத்தம் போட்டுதா? எடுத்துப் பாத்தாரா?"

"தெரியலம்மா. சுத்தி எத்தனையோ போனு கத்திக்கிட்டிருந்துச்சு. எது யாருதுன்னு எப்படிச் சொல்றது?"

டீச்சர் அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஐந்தாறு படி ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தி. அத்தனை பேரில் ஒருத்தி வந்திருக்கிறாள். அவர் சொன்ன மாதிரியே. மற்றவர்கள் அடுத்தவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அவள் சொன்ன மாதிரியே. ஊரே அவர் பக்கம் நின்று தன்னைத் தோற்கடித்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. அவர்கள் அப்படி உதவிக்கு வந்திருந்தால் ஆயிரம் தடவை தோற்றிருப்பாள், சந்தோஷமாக.

"என்னம்மா, நடுவழியில உக்காந்துட்டீங்க?" என்று ஒருவர் சலித்துக்கொண்டு தாண்டிப் போனார். அவள் சுவரோரம் நகர்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "எங்கம்மா போனே? பயந்தே போயிட்டேன்."

அவள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், எல்லாவற்றையும் சொன்னாள். பெருக்குகிற அம்மாளைப் பற்றி. அப்பா காலை மடக்கப் பார்த்ததைப் பற்றி. பிறகு, "உங்க அப்பா போனுல அந்த வீடியோ இருக்கு. நான்தான் அனுப்பினேன்," என்றாள். "அவருதான்னு தெரியாம அனுப்பினேன். ஜெயிச்சுட்டேன்னு காட்டறதுக்கு அனுப்பினேன்."

மகள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இனி இவளும் பேசமாட்டாள் என்று அம்மா நினைத்தாள். அடுப்பில் எதையாவது வைக்கலாம் என்று எழுந்தாள், கை ஓடவில்லை. மறுபடி உட்கார்ந்தாள்.

கதவு திறந்தபோது மகளின் முகம் வீங்கியிருந்தது.

"எனக்கும் வந்துச்சு," என்றாள். "அதே வீடியோ, அதே நேரத்துல. கடையில வேலை செய்யறவ அனுப்பினா. நான் திறக்கவே இல்ல. யாராவது விழுந்து கிடக்கறதை எல்லாம் நான் திறக்கறதே இல்லம்மா. இத்தனை நாளா அவனவனுக்கு எழுதி எழுதிச் சண்டை போட்டுக்கிட்டிருக்கேன்."

அம்மா அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அவர் போனபிறகு அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள். மகளும் அழுதாள். யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை.

மகள் மறுவாரம் வேலைக்குப் போனாள். வீடியோவைத் தேடுவதை விட்டுவிட்டாள். அப்பாவின் போன் எண்ணை ரத்து செய்யலாமா என்று கம்பெனியிலிருந்து கேட்டபோது, அம்மாவிடம் கேட்காமலே, கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லிவிட்டாள்.

டீச்சரும் பள்ளிக்குத் திரும்பினாள். வடிவியலை முடித்தாள், இயற்கணிதத்தை முடித்தாள். பிள்ளைகள் முன்னைவிட அமைதியாக இருந்தார்கள். வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். நிகழ்தகவுப் பாடம் வந்தபோது அதையும் நடத்திவிடலாம் என்றுதான் வகுப்புக்குள் போனாள். நாணயம் சுண்டுவதைச் சொன்னாள். பகடை உருட்டுவதைச் சொன்னாள். பிறகு கரும்பலகையில், ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகள் என்று எழுதினாள். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறந்துவிட்டார் என்று நினைத்து முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி புத்தகத்தை எடுத்து நீட்டினாள்.

"இல்லம்மா, தெரியும்," என்றாள் அவள்.

அந்தப் பாடத்தை அந்த வருஷம் வேறொரு டீச்சர்தான் முடித்துக்கொடுத்தார்.