செவ்வாயில் நின்ற கப்பல்

எங்கள் லயத்திலிருந்து செவ்வாய்க் கிரகத்துக்குப் போய் வந்தவர்கள் மூன்று பேர்: நான், அம்மா, அம்மாவின் தங்கையான என் சித்தி. போய் வந்தவர்கள் என்று எழுதியது தவறு. போனோம், திரும்பி வரவில்லை. திரும்பாமல் போனதற்கு யார் காரணம் என்பதைத்தான் இத்தனை வருஷம் கழித்துச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. கடல் தாண்டிப் பிழைக்கப் போன சீமையில், ரெங்கம் ஸ்டேஷனிலிருந்து நாலைந்து மைல் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். அங்கே கூலிக்காரர்களுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள்தான் லயம். பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதற்காக அப்பாவைக் கேலி செய்யாதவர்கள் அங்கே குறைவு. பொண்ணு படித்துத் துரைக்குக் கடுதாசி எழுதப் போகிறதா என்பார்கள். அப்பா பதில் சொல்ல மாட்டார். அவர் எதற்குமே பதில் சொல்லாத மனிதர். நான் மூன்றாம் வகுப்பிலேயே எழுத்துக் கூட்டாமல் படித்தேன். லயத்துப் பெண்களில் அப்படிப் படிக்கிறவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கவும் காயம் கட்டவும் ஒரு டிரஸர் இருந்தார். விடிவதற்குள் ஆள் எண்ணும் பெரட்டில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லிக் குளிர் காய்ச்சல் வராமலிருக்கக் கொய்னா மருந்து ஊற்றுகிறவர் அவர்தான். கசக்கிறது என்று துப்பினால் இன்னொரு முறை ஊற்றுவார். இப்படிப்பட்ட மனிதருக்கு மதராஸிலிருந்து மாதம் ஒரு பத்திரிகை தபாலில் வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் வாசிப்பதை ஒருநாள் கேட்டுவிட்டு, படித்துவிட்டு அழுக்காக்காமல் திருப்பித் தர வேண்டும் என்ற கண்டிப்போடு எனக்கும் கொடுக்கத் தொடங்கினார். பழைய இதழ்களை எல்லாம் சேர்த்துத் தைத்து வைப்பது அவர் வழக்கம்.

அதில் ஒரு தொடர்கதை. ஒரு சயன்ஸ் பண்டிதர் இரும்பில் ஆகாயக் கப்பல் செய்து, ஒரு மாலுமியையும் ஒரு சமையல்காரரையும் ஏற்றிக்கொண்டு செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிறார். அங்கே மரங்களெல்லாம் சிவப்பு. வானத்தில் இரண்டு நிலா. சமையல்காரர் வடிக்கிற சோறு பானையை விட்டு எழும்பி மிதக்கும்; அவர் அகப்பையோடு அதன் பின்னால் ஓடுவார். பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் நானே அந்தக் கப்பலை ஓட்டிக்கொண்டு போனேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே மாலுமியாகி ஆணையிடுவேன். பண்டிதராகிப் பதில் சொல்வேன். கதை வரும் நாளைத் தீபாவளி போல எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு மத்தியானம் அதை அம்மாவுக்கும் சித்திக்கும் படித்துக் காட்டுவேன். அம்மாவுக்கு அச்சில் வந்த கதை எல்லாமே புராணம்தான். முகம் கழுவி, விளக்கேற்றி வைத்துவிட்டுத்தான் உட்காருவாள். லயத்தில் ராமாயணம் படித்தால் பட்டாபிஷேகம் வரை படித்து, தேங்காய் உடைத்துத்தான் முடிப்பார்கள். ராமர் காட்டில் இருக்கும்போது நிறுத்திவிட்டால் கேட்டவர் வீடும் காட்டிலேயே நின்றுவிடும் என்று நம்பிக்கை. செவ்வாய்க்குப் போன பண்டிதருக்கும் அதே சட்டம்தான் என்று அம்மா தீர்மானித்துவிட்டாள். அவர்கள் பூமிக்குத் திரும்பும் நாளில் உடைக்க ஒரு தேங்காயைத் தனியாக எடுத்து அலமாரி மேல் வைத்திருந்தாள்.

அவள் அவ்வளவு கண்டிப்பாக இருந்ததற்குக் காரணம் சித்தி. அந்த வருஷம் ரப்பர் விலை விழுந்து ஆள் குறைத்தார்கள். முதல் பட்டியலிலேயே சித்தப்பாவின் பெயர் வந்தது. அவரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். சித்தி அப்போது மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. கடல் பயணம் தாங்காது என்று அம்மா அவளைத் தன்னோடு நிறுத்திக்கொண்டாள். விலை ஏறியதும் வந்துவிடுகிறேன் என்று சித்தப்பா சொல்லிவிட்டுப் போனார். மாசமாக இருக்கிறவள் காதில் விழுந்த கதை நட்டாற்றில் நிற்கக் கூடாது என்பாள் அம்மா. சித்தி அப்படியெல்லாம் ஒன்றும் சொல்ல மாட்டாள். படித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"திரும்பி வந்துருவாங்கல்ல?"

வந்துவிடுவார்கள் என்று நான் பெரிய மனுஷி போலச் சொல்வேன்.

அடுத்த மாதம் டிரஸரையும் நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரிக் கதவில் பூட்டுத் தொங்கியது. இனிமேல் நோய் என்றால் குளுவாங் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொள்ள வேண்டியதுதான். போகிற அன்று டிரஸர் கடைசி இதழை என்னிடம் கொடுத்து, இதை நீயே வைத்துக்கொள் என்றார். அதில் ஆகாயக் கப்பலின் இயந்திரம் உடைந்து, மூன்று பேரும் சிவப்புக் காட்டில் நிற்கிறார்கள். கீழே 'தொடரும்' என்று போட்டிருந்தது. நான் கண்ணீர் விட்டு அழுதேன். கொய்னா ஊற்றின ஆளுக்காகவா இப்படி அழுகிறாய் என்று அம்மா ஆச்சரியப்பட்டாள். அந்தப் பூட்டினால் எங்களுக்கு என்ன போயிற்று என்பது எனக்கு உறைக்கவில்லை. எனக்குப் போனது கதை ஒன்றுதான்.

போன கதையை நானே எழுதத் தொடங்கினேன். பள்ளிக்கூட நோட்டில் எழுதி, தாளைக் கிழித்து, அந்தக் கடைசி இதழுக்குள் செருகிக்கொள்வேன். டிரஸர் தன் புது இடத்திலிருந்து வாத்தியாருக்குத் தபாலில் அனுப்புகிறார் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மாதப் பத்திரிகை என்பதால் பொய்யும் மாதம் ஒன்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

எனக்குத் தெரிந்த உலகம் தோட்டம் ஒன்றுதான். ஆகவே என் செவ்வாயிலும் விடியற்காலை பெரட்டு நடந்தது. சிவப்பு மரங்களில் பால் வெட்டினார்கள். அங்கிருந்தவர்களுக்கு மூன்று கை. அவர்களுடைய கங்காணி ஒரே நேரத்தில் மூன்று பேரைச் சுட்டிக்காட்டி ஏசினார். இரண்டு நிலா இருப்பதால் மாதத்துக்கு இரண்டு அமாவாசை, இரண்டு விரதம். சமையல்காரருக்கு அதனால் வேலை மிச்சம். சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அங்கயும் கங்காணியா? அப்புறம் எதுக்கு அம்புட்டுத் தூரம் போனாங்க?"

அவள் சிரித்ததைப் போல ஒரு சன்மானம் அதற்குப் பிறகு எனக்கு யாரும் கொடுத்ததில்லை. அந்தச் சிரிப்பை விட மனமில்லாமல்தான் நான் கெட்டுப்போனேன். இயந்திரத்தைச் சரிசெய்து கப்பலைக் கிளப்பிவிட்டால் கதை முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வெறும் ஞாயிற்றுக்கிழமையாகிவிடும். ஆகவே ஒரு மாதம் பண்டிதர் இயந்திரத்தைச் சரிசெய்வார், அடுத்த மாதம் நான் அதைத் திரும்ப உடைப்பேன். அம்மா தேங்காயை எடுத்து ஆட்டிப் பார்த்து, தண்ணீர் வற்றுகிறதே என்று கவலைப்பட்டாள். சித்திக்கு வயிறு பெரிதாகிவிட்டது, காலும் வீங்கியிருந்தது. ஆனாலும் பால் வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். சித்தப்பாவிடமிருந்து கடிதம் இல்லை. கப்பல் கிளம்புகிற மாதிரித் தெரிகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் எழுதத் தொடங்கிய நாலாவது மாதத்து ஞாயிறு அவள் சிரிக்கவில்லை. படித்து முடித்ததும் என்னைப் பார்த்து, "முன்ன மாதிரி இல்லையே. எழுதுறவருக்குத் தூக்கம் வந்துருச்சா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. எழுதினவள் நான் என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது, பொறுத்துக்கொள்ளவும் முடியாது. ஒரு பக்கம் பாக்கி இருக்கிறது, மறந்துவிட்டேன் என்று சொல்லி, கையிலிருந்த தாளைப் பார்ப்பது போல அந்த இடத்திலேயே சமையல்காரரைக் கொன்றேன். சிவப்புக் காட்டில் அடுப்பெரிக்க மிளார் பொறுக்கப் போனவரைப் பூமி பிளந்து விழுங்கிவிட்டது. அவர்தான் சித்திக்குப் பிடித்த ஆள். ஊரை நினைத்து அழுகிறவர் அந்தக் கப்பலில் அவர் ஒருவர்தான். சித்தியின் முகம் வெளுத்துப்போனது. அம்மா மதராஸில் இருக்கும் எழுத்தாளரைக் கட்டையில் போகிறவன் என்று திட்டினாள். சித்தி அன்று ராத்திரிச் சோற்றைத் தொடவில்லை. எனக்கு அதில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் சமையல்காரரை எழுப்பிக் கூட்டி வந்துவிடலாம், அவளுக்கு இது வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே சித்திக்குக் குளிர் காய்ச்சல் கண்டது. அது எங்கள் லயத்துக்குப் புதிதல்ல. ஆஸ்பத்திரி திறந்திருந்த காலத்தில் பெரட்டில் ஊற்றிய மருந்தே பாதியைத் தடுத்துவிடும். இரண்டு நாள் அம்மா கஷாயம் போட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில் சித்திக்குக் கண் சொருகத் தொடங்கியது. குளுவாங்குக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லாரியைக் கேட்டு அப்பா ஆபீசுக்கு ஓடினார். லாரி ரப்பர் ஏற்றிக்கொண்டு ரெங்கம் ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. வரட்டும் என்று அவரை வாசலிலேயே நிறுத்திவைத்தார்கள்.

வீட்டில் அம்மா ஈரத்துணி பிழிந்து நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் காலடியில் உட்கார்ந்திருந்தேன். சித்தி கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள்.

"கப்பல் கிளம்பிருச்சா?"

அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். புத்தகம் வந்துவிட்டதா, வந்திருந்தால் எடுத்துப் படி என்றாள். எனக்குள் ஓடியது வேறு கணக்கு. போன ஞாயிறுதான் இந்த மாதத்துப் புத்தகம் என்று ஒன்றைப் படித்திருக்கிறேன். நாலு நாளில் அடுத்தது எப்படி வரும்? கிளம்பிவிட்டது என்று சொன்னால், எங்கே காட்டு என்று அம்மா கேட்பாள். நோட்டுத் தாள்கள் வெளியே வரும். புராணம் போல விளக்கேற்றிக் கேட்டதெல்லாம் என் கைச்சரக்கு என்று தெரிந்தால் முதுகுத் தோல் உரிந்துவிடும்.

"புத்தகம் இன்னும் வரல சித்தி" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. கையை நீட்டி என் பாதத்தைத் தொட்டாள். சரி, என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மத்தியானம் லாரி வந்தது. பாயோடு தூக்கி ஏற்றினார்கள். அப்பாவும் அம்மாவும் கூடப் போனார்கள். மூன்றாம் நாள் அவர்கள் இருவர் மட்டும் திரும்பி வந்தார்கள். சித்தியையும் வயிற்றில் இருந்ததையும் குளுவாங்கிலேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். அலமாரி மேல் இருந்த தேங்காயை அம்மா பதினாறாம் நாள் காரியத்துக்கு எடுத்து உடைத்தாள். உள்ளே கொப்பரையாகியிருந்தது. நட்டாற்றில் விட்டுவிட்டானே பாவி என்று அந்த மதராஸ் எழுத்தாளரை மறுபடியும் சபித்து அழுதாள். பாவி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஊருக்குக் கடிதம் எழுதச் சொல்லி அப்பா இரண்டே வரி சொன்னார். நான் எழுதினேன். அதற்கும் பதில் வரவில்லை.

நோட்டையும் கிழித்த தாள்களையும் லயத்துக்குப் பின்னால் ஓடிய வாய்க்காலில் போட்டேன். சித்தியைக் கொன்றது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கப்பலை நிறுத்தினேன், அவள் நின்றுவிட்டாள். வளர்ந்தபின் காய்ச்சலையும் பூட்டிய ஆஸ்பத்திரியையும் நேரத்துக்கு வராத லாரியையும் எனக்கு நானே எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். அறிவு ஏற்றுக்கொண்டது. அதனால் ஒன்றும் குறையவில்லை. ஆனால் ஒன்றில் மட்டும் ஆறுதல் தேடிக்கொண்டேன்: சித்தி கேட்டது மதராஸ்காரரின் கதையை, பதில் சொல்ல வேண்டியவர் அவர், நான் வெறுமனே புத்தகம் வரவில்லை என்று சொன்னவள்.

அந்த ஆறுதலும் என் மகளுக்கு மூன்று வயதானபோது போயிற்று. ஒரு படப்புத்தகத்தைத் தினமும் படித்துச் சலித்துப்போய், ஒருநாள் அதையே கையில் வைத்துக்கொண்டு வேறு கதையைப் படிப்பது போலச் சொன்னேன். அவளுக்கு 'அ' கூடத் தெரியாது. அட்டையைத் தட்டிக் காட்டி, "இது நேத்துப் படிச்ச புக்குத்தான்மா. பரவால்ல, நீ சொல்லு" என்றாள்.

புத்தகத்தை மூடி அந்த அட்டையைப் பார்த்தேன். நாலு மாதமும் நான் ஏந்திக்கொண்டு உட்கார்ந்தது ஒரே இதழ், ஒரே அட்டை. அம்மா விளக்கையும் தரையையும் பார்த்துக் கேட்கிறவள். சித்தி எனக்கு நேர் எதிரே உட்காருவாள். தான் பால் வெட்டும் நிரையில் இருந்த முந்நூறு மரங்களில் எந்தப் பட்டையில் எந்த இடத்தில் காயம் என்று இருட்டில்கூடச் சொல்லக்கூடியவள். எழுத்துத் தெரியாதவளுக்குக் கண்ணும் தெரியாது என்று நான் நினைத்திருந்தேன்.

எழுதுகிறவருக்குத் தூக்கம் வந்துவிட்டதா என்று அவள் கேட்டது என்னைத்தான். சமையல்காரரை யார் கொன்றது, எதற்காக என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கப்பல் கிளம்பிவிட்டதா என்று கடைசியாகக் கேட்டபோது, அதைக் கிளப்ப வேண்டியவள் காலடியில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தேதான் கேட்டிருக்கிறாள். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. எனக்குத்தான் அன்றைக்குத் தெரியவில்லை.