எல்.பி. கொம்பனித் தட்டுகள்

தெல்லிப்பழையில் ஜெனிற்றாவின் வீட்டில் ஐந்து அறைகள். அவள் புழங்குவது ஒன்றில்தான். தாய் கண்ணை மூடிய பிறகு, முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துவிட்டு மத்தியானம் வீடு திரும்பினால், மறுநாள் காலை வரை வாய் திறக்க வேலை இராது.

கனடாவில் இருக்கும் ஜெறோம் அண்ணை, தான் பாவித்து ஒதுக்கிய, பாரம் தூக்கும் தட்டுகளைக் கப்பல் பெட்டியில் அனுப்பியிருந்தார். இரும்புத் தண்டை மட்டும் அவள் யாழ்ப்பாணத்தில் வாங்கினாள். வாகனம் இல்லாத கராஜில் கைப்பேசியைச் சுவரில் சாய்த்துவைத்து, காணொளி பார்த்துப் பழகினாள். முதுகு வளையக் கூடாது. தண்டு காலை ஒட்டியே ஏற வேண்டும். கையால் இழுக்காமல் காலால் நிலத்தைத் தள்ள வேண்டும். மார்புக்கு வந்ததும் எழும்பி ஒரு மூச்சு. பிறகு தலைக்கு மேலே.

தட்டுகளில் எண்ணுக்குப் பக்கத்தில் எல், பி என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தன. செய்த கொம்பனியின் பெயராக்கும் என்று நினைத்தாள். ஆங்கிலம் படிக்காதவள் அல்ல. ஆனால் றாத்தல், பவுண்டு என்பதெல்லாம் அவளுக்குப் பேக்கரியில் பாண் வாங்கும்போது வருகிற சொல், இரும்பென்றால் கிலோதான். தனியாள் என்பதால் அரிசியும் ஒரு கிலோ, இரண்டு கிலோவாகத்தான் வாங்குவாள். மூட்டையாகத் தூக்கியிருந்தால் கைக்காவது சந்தேகம் வந்திருக்கும்.

நல்லூருக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில் பாரம் தூக்கும் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாள். அறுபது கிலோ தூக்க வேண்டும். எடுபட்டால் சனி, ஞாயிறுகளில் எல்லோரும் ஒன்றாகப் பழகுவார்கள், ஒன்றாகச் சாப்பிடுவார்கள். பதக்கங்களைப் பற்றி அவள் யோசிக்கவில்லை; அந்தச் சாப்பாட்டைப் பற்றித்தான் யோசித்தாள். வீட்டில் எண்பது தூக்குகிறவளுக்கு அறுபது என்ன பெரிசு? பயிற்றுநர் உதயகலா ரீச்சரிடம் முதல் தூக்குக்கே எண்பது என்று சொல்லிவைத்தாள்.

அன்று காலை, உடம்பைச் சூடாக்கவென்று மண்டபத்தில் ஒரு பத்துக் கிலோத் தட்டை எடுத்தாள். கை சடாரென்று கீழே போனது.

அணியில் ஏற்கெனவே இருக்கிற கோபிகா சிரித்தாள். "எண்பது அக்கா, பத்துக்கே கை தாழுது? காலமை சாப்பிடேல்லையோ?"

ஜெனிற்றா வெளியே வந்து அண்ணைக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, தட்டிலை எல்.பி. எண்டு கிடக்கே, அது கொம்பனிப் பேர்தானே?"

"அடி விசரி! அது பவுண்ஸ். உங்கை சொல்லுற றாத்தல்." சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "ஏன் பிள்ளை? போட்டி இண்டைக்கே?"

"ஓம்."

"எவ்வளவு சொன்னனி?"

"எண்பது."

"வயித்துக்குத்து எண்டு சொல்லிப்போட்டு வீட்டை போ."

அவள் மனக்கணக்குப் போட்டாள். யாழ்ப்பாணத்துத் தண்டு மட்டும்தான் உண்மையான கிலோ, பதினைந்து. அதோடு சேர்த்தும் நாற்பத்தைந்து முழுதாக வரவில்லை. வீட்டுக்குப் போவதென்றால் எப்போதும் போகலாம். உள்ளே நடந்தாள்.

"எண்பதிலை இருந்து நாப்பத்தைஞ்சோ?" ரீச்சர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "இதென்ன பிள்ளை, மீன் சந்தையே, விலை குறைக்க?"

"நான் றாத்தலைக் கிலோ எண்டு நினைச்சிட்டன், ரீச்சர்."

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. "பாண் அக்கா" என்று பின்னால் ஒரு குரல்.

நாற்பத்தைந்து, உடம்பைவிட்டு விலகாமல் நேரே ஏறியது. ஐம்பதுக்குக் கால் நடுங்கியது. ஆனாலும் தலைக்கு மேலே நின்றது. அவள் அதுவரை தூக்கியதிலேயே பெரிய பாரம் அதுதான். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். கடைசி முறைக்கு அறுபது கேட்டாள். தண்டு முழங்காலைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, மார்பில் வந்து குந்தியது. அங்கிருந்து எழும்ப முடியவில்லை. முன்னால் போட்டுவிட்டாள்.

"தூக்கிற விதம் நல்லாயிருக்கு. ஆர் காட்டித் தந்தது?" என்று ரீச்சர் கேட்டார்.

"ஒருத்தருமில்லை."

"அறுபது வரட்டும், பிறகு வாரும்."

எடுபட்டவர்கள் அணியின் வான் வண்டியில் ஏறிச் சாப்பிடப் போனார்கள். மண்டபத்தில் தட்டுகள் போட்டது போட்டபடி கிடந்தன. ஜெனிற்றா அவற்றை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். ஒவ்வொன்றையும் வைக்கும் முன் இரண்டு கையிலும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்தாள்: ஐந்து இவ்வளவு, பத்து இவ்வளவு.

காவலாளி யாகப்பு மண்டபத்தைப் பூட்டத் திறப்புக் கோர்வையோடு வந்தார். "பிள்ளை, நீர் உவையளோடை போகேல்லையோ?"

"இல்லை ஐயா," என்றாள். "அவையள் வேறை பக்கம். நான் தெல்லிப்பழைப் பக்கம்."