மங்களம் மிஷின்

டீ நேரம் முடிந்ததும் சூப்பர்வைசர் கஜபதி வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

“பொம்பளைங்க எல்லாம் மிஷினை வுட்டு எழுந்திருங்க. பேக்கிங் டேபிள்ல போய் உக்காருங்க. லேபர் ஆபீஸ் மேடம் வந்துகினு கீறாங்க.”

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்குத் தகடு அடித்துத் தரும் கம்பெனி அது. ஆய்வு என்றாலே இந்த ஏற்பாடுதான். தகடு அடிக்கும் பிரஸ் மிஷினில் ஆண்கள் நிற்பார்கள்; பெண்கள் அட்டைப்பெட்டி மடிப்பார்கள். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்கிறது சட்டம். பெண்கள் பார்ப்பது வேறு வேலை என்று காட்டிவிட்டால் தொல்லையில்லை.

மங்களம் எழுந்தாள். திருநின்றவூரில் வாடகை வீடு. முதுகில் ஆபரேஷன் ஆன புருஷன் வேலைக்குப் போவதில்லை. கம்பெனியில் கூட்டிப் பெருக்க வந்தவளை, ஆள் வராத ஒரு நாளில் பிரஸ்ஸில் உட்காரவைத்தார்கள். அதுவே அவள் இடமானது. அடையாள அட்டையில் மட்டும் இன்னும் ‘ஹெல்பர்’. அவளிடம் வேலை பழகிய பூபாலன் ‘ஆபரேட்டர்’. சம்பளத்தில் அவளை எப்போதோ தாண்டிவிட்டான். இப்போது அவள் இடத்தில் அவனே போய் நின்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“இந்த வாட்டி மேடம் கேட்டா சொல்லிடப் போறேன்,” என்றாள் மங்களம்.

பக்கத்தில் பெட்டி மடித்த சபீனா பதறினாள். “இன்னாக்கா பேசற? சொன்னா சம்பளம் ஏத்துவாங்கன்னு நெனச்சியா? நம்மளை மிஷின் பக்கமே வுட மாட்டாங்க. ஓ.டி.யும் போயிடும். உன் ஒருத்தி வாயால எல்லார் பொழப்பும் போவணுமா?”

அவள் சொன்னது நடக்கக்கூடியதுதான். அந்த மேடம் எதுவும் கேட்காமலே போய்விட்டால் தேவலை என்றுகூட மங்களத்துக்குத் தோன்றியது.

ஆய்வாளர் ஒவ்வொரு மிஷினாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பூபாலனிடம் நின்றார்.

“இது எந்த மிஷின்?”

மிஷின்களுக்கு நம்பர் உண்டு. ஆனால் அங்கே யாரும் நம்பரைச் சொல்வதில்லை. ஓட்டுகிறவர் பேர்தான் மிஷினுக்கும்.

“மங்களம் மிஷின், மேடம்,” என்ற பூபாலன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“யாரு மங்களம்?”

கஜபதி முந்திக்கொண்டார். “பழைய ஆளு மேடம். வேலையை வுட்டு நின்னுட்டாங்க.”

டேபிளுக்கு அடியில் சபீனா மங்களத்தின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். இங்கே உட்கார்ந்திருக்கும்போதே ஆளில்லை என்கிறாரே. மங்களம் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள்.

“நான்தான் மேடம். அது நான் ஓட்றது.”

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். கஜபதி சிரித்த முகமாக அவரை அடுத்த மிஷினுக்கு அழைத்துப் போனார். திட்டியிருந்தால்கூட மங்களம் அன்று தூங்கியிருப்பாள்.

மறுநாள் அவள் மிஷினைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள்.

“முதலாளி சொல்ற வரைக்கும் பொம்பளைங்களுக்கு பேக்கிங்தான்,” என்றார் கஜபதி.

“எந்தச் சம்பளத்துல சார்? ஆபரேட்டரா, ஹெல்பரா?”

“அதை உங்க மேடத்தையே கேளு.”

“கேக்கறேன்,” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். சபீனா தள்ளி உட்கார்ந்தாள். பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கிய பிறகுதான் பக்கத்தில் வந்தாள்.

“அந்த மேடம் போன் நம்பர் வாங்கினியாக்கா?”

“இல்ல.”

“நல்லா வாங்கின போ.” சபீனா இன்னொரு அட்டையை இழுத்தாள். “அவங்க ஆபீஸ் எங்க கீதுன்னாவது விசாரிப்போம்.”